எட்டுச் சொட்டு

நம் பக்கத்து உருண்டை வெல்லத்தை நீங்கள் தின்றிருப்பீர்கள். பொங்கல் பானையில் நுணுக்கிப் போட்டிருப்பீர்கள். அதைக் காய்ச்சினவன் காலைப் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்தவள். அதனால் காலிலிருந்தே தொடங்குகிறேன்.

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி மேற்கே மூன்று மைல் நடந்தால் ஈச்சனஅள்ளி. ஊர் கண்ணில் படுமுன்னே வாசனை வந்து மூக்கைத் தொட்டுவிடும். ஐப்பசி பிறந்தால் ஆலைக்கொட்டாய்களில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். தென்னங்கீற்றுக் கூரை, நடுவில் குழியடுப்பு, அதன்மேல் நாலு பேர் உட்கார்ந்து குளிக்கிற அகலத்தில் இரும்புக் கொப்பரை. கருப்பம்பால் அதில் கொதித்து, அழுக்கு நுரை தள்ளி, பொன்னாகி, சிவந்து, பாகாகும். அந்தச் சிவப்பில் எந்தச் சிவப்பு சரி என்று சொல்லத் தெரிந்தவன் ஆலைக்கு ஒருவன்தான் இருப்பான். எங்கள் ஊரில் அவன் பெயர் சவுரியப்பன்.

கொப்பரை ஆண்டவன் குடியிருக்கும் இடம் என்று எங்கள் ஊர் நினைப்பு. அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். செருப்புப் போட்ட காலோடு அந்தக் கொட்டாய்க்குள் யாரும் நுழைந்ததில்லை. சவுரியப்பன் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவன். அவனும் செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டுத்தான் வருவான்.

எண்பத்தாறாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், பாகை இறக்கும்போது ஒரு கரண்டி அளவு தெறித்து அவன் இடது பாதத்தின்மேல் விழுந்தது. பாகு வெந்நீர் மாதிரி வழிந்து ஓடாது. ஒட்டிக்கொண்டு நின்று சுடும். அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிற மாதப்பன் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வருவதற்குள் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. ஆலைக்காரன் காலில் சூடு படுவது புதுசில்லை. அதிகம் போனால் இருபது நாளில் ஆறிவிடும். இது ஆறவில்லை. கார்த்திகை முடியப் போகிறது, புண் உள்ளங்கையில் பாதி ஆகிவிட்டது.

அவனுடைய மனைவி ரோசம்மாள் பக்கத்து ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தினமும் காலை ஆறு மணிக்கு, டியூட்டிக்குக் கிளம்புமுன், அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கழுவிக் கட்டுவாள்.

"வலிக்குதாங்க?"

"வலியா? எறும்பு ஊர்ற மாதிரிகூட இல்ல. நீ நல்லாத் தேய்ச்சிக் கழுவு."

"வீரம் காட்டாதீங்க. இப்பிடித் தேய்ச்சா எருமைகூட ஒதைக்கும்."

"எருமைக்கு ரோசம் சாஸ்தி. நான் உனக்கு வாக்கப்பட்டவன், ஒதைக்க முடியுமா?"

வேலியோரம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த மாதப்பன் விடமாட்டான். "ஊரு புண்ணையெல்லாம் ஆத்துற கைக்கு வூட்டுப் புண்ணு மட்டும் ஆற மாட்டேங்குதே, நர்சு அண்ணி! கை ராசி ஆஸ்பத்திரியிலயே தீந்துபோவுதோ?"

"ராத்திரி பகல்னு சாம்பல்ல நின்னா எங்கடா ஆறும்? வாயக் கொப்புளிச்சிட்டுப் பேசு."

சிரிப்பாகத்தான் பேசினார்கள். ஆனால் ரோசம்மாளுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. போன வருஷம் ரைஸ்மில்காரருக்கு இப்படித்தான் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை. அது மெத்தையில் உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருகிற பணக்கார வியாதி என்று ஊர் பேசிக்கொண்டது. சவுரியப்பன் மெத்தையைக் கண்டவனா? இருந்தாலும் கால் கால்தான். மார்கழி பிறந்தால் பொங்கல் வெல்லத்துக்கு அடுப்பு அணையாது. கொப்பரைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு ரெண்டு கால் வேண்டும்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வருஷம் நர்சுகளுக்கு மாதம் ஒரு வகுப்பு என்று உத்தரவு வந்திருந்தது. ரெண்டாவது சனிக்கிழமை தர்மபுரிக்குப் போகவேண்டும். தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிற நோய்களைப் பற்றிப் புதிதாகத் தெரிந்தவற்றைப் பழைய நர்சுகளுக்குச் சொல்லித்தருவார்களாம்.

"இருவத்திரெண்டு வருசம் கழிச்சி எனக்குக் காய்ச்சல்னா என்னான்னு பாடம் எடுக்கப் போறாங்களா?" என்று ரோசம்மாள் முறைத்தாள்.

கூட வேலை செய்கிற அமீனா அவளைவிடப் பத்து வயது சின்னவள், நாக்கு மட்டும் பெரியவள். "வாக்கா, ஒரு நாளு பெஞ்சுல குந்தி எந்திரிப்போம். டீயும் பன்னும் தராங்களாம். நம்ம வூட்ல நமக்கு யாரு டீ போட்டுக் குடுக்கறாங்க?"

பன்னுக்காகப் போனவர்கள் வாயடைத்துத் திரும்பினார்கள். முதல் வகுப்பே குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. தண்ணீரை நிறுத்தக்கூடாது, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பாடம் எடுக்க வந்த தெரசா மேடம் படம் போட்டுக் காட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் ரோசம்மாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"போன மாசம்கூட ஒருத்திகிட்ட, புள்ளைக்குத் தண்ணியக் கொறைடின்னு சொல்லி அனுப்பினேன் அமீனா."

"அந்தப் புள்ள நல்லாத்தான் இருக்குதுக்கா. நேத்து சந்தையில பாத்தேன், பொரிக்கு அழுதுக்கிட்டிருந்துச்சு."

"அது அதோட அதிர்ஷ்டம். எம் படிப்பு இல்ல."

அன்றைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. ரத்தசோகை, வலிப்பு, இளைப்பு, ரத்தக்கொதிப்பு என்று நோட்டு நிறைந்தது.

டிசம்பர் மாதம் கடைசி வகுப்பு. அதில் நர்சுகளே பாடம் எடுக்கவேண்டும் என்று தெரசா மேடம் முந்தின மாதமே ஒரு பஞ்சு டப்பாவில் சீட்டுப் போட்டு நீட்டினார். ரோசம்மாளுக்கு வந்தது சர்க்கரை நோய்.

"வாயால சொன்னாப் பத்தாது ரோசம்மா. செஞ்சு காட்டணும். நல்ல ஒடம்புன்னா குழாய்ல நீலம். சர்க்கரை நெறைய இருந்தா செங்கல் செவப்பு. ரெண்டையும் இவங்க கண்ணால பாக்கணும்."

அந்தக் காலத்தில் விரலில் குத்தி நிமிஷத்தில் பார்க்கிற கருவியெல்லாம் எங்கள் பக்கம் ஏது! ஒரு நீல மருந்து. பெனடிக்ட் மருந்து என்பார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஐந்து மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் ரெண்டு நிமிஷம் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் அதிகம். செங்கல் நிறமானால் மிக அதிகம்.

பத்துப் பேர் முன்னால் நின்று பேச ரோசம்மாளுக்கு உதறல். ஊசி போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் சாயங்காலம் ஆலைக்கொட்டாய்க்கு வந்துவிடுவாள். சவுரியப்பன் ஒரு கையில் பாகு கிளறுகிற துடுப்பும் மறு கையில் நோட்டுமாக நிற்பான். அடுப்பு வெளிச்சத்தில், கோயிலில் வாசகம் வாசிக்கிற அதே குரலில் கேள்வி கேட்பான். அவன் ஐந்தாவதுவரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் கணீரென்று படிப்பான்.

"கேள்வி ரெண்டு. சர்க்கரை நோயின் அறிகுறிகள் யாவை?"

"ஒண்ணு, அடிக்கடி தாகம்."

"இரு." துடுப்பை மாதப்பனிடம் கொடுத்துவிட்டு மண்பானையில் சொம்பை விட்டு மொண்டான். ஒரு சொம்பு உள்ளே போனது. இன்னொரு சொம்பும் போனது. "அனலு, அனலு. ம், அப்பறம்?"

"ரெண்டு, அடிக்கடி சிறுநீர் கழித்தல்."

"நல்ல நேரத்துல ஞாபகம் பண்ணின." நோட்டை அவள் கையிலேயே திணித்துவிட்டுச் சக்கைப்போருக்குப் பின்னால் போனான்.

மாதப்பன் கூவினான். "ண்ணோவ்! பொழுது சாஞ்சி இது நாலாவது நடை! அப்பிடியே ஒரு வாய்க்கா வெட்டி உட்டா நம்ம கத்திரித் தோட்டம் பொழைச்சிக்கும்!"

"கருப்பம்பாலு குடிச்சா அப்பிடித்தான்டா போவும். நீ அடுப்பப் பாரு." வந்து நின்று நோட்டை வாங்கிக்கொண்டான். "மூணு?"

"பசி அதிகம். தின்னாலும் ஒடம்பு மெலியும்."

"சரி." அவிழ்ந்து இறங்கிய வேட்டியை இழுத்துச் செருகினான். போன மாதம்தான் இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சுக் கூடுதலாகப் போட்டிருந்தான்.

"நாலு, ஆறாத புண்ணு. அஞ்சு, காலு மதமதன்னு உணர்ச்சி இல்லாம இருக்கறது."

"அஞ்சுக்கு அஞ்சு!" என்றான் சவுரியப்பன் பெருமையாக. "ஒண்ணுகூடத் தப்பு இல்ல. நீதான் பஸ்ட்டு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் பிறகு சிரித்தேன். ஆனால் பிள்ளைகளே, நோட்டில் எழுதியிருப்பது எப்போதும் வேறு யாருக்கோ வருகிற நோய்தான். ரைஸ்மில்காரருக்கு வரும். மெத்தைக்காரர்களுக்கு வரும். பத்து ஆள் கொப்பரையைத் தனியாளாகத் திருப்புகிறவனுக்கு எப்படி வரும்? மூன்று வாரம் அவன் கேட்டான், அவள் சொன்னாள். ரெண்டு பேர் காதிலும் அது விழவே இல்லை.

அடுத்த கவலை, அந்தச் செங்கல் சிவப்புக்கு எங்கே போவது என்பது. ஆஸ்பத்திரியில் அப்போது சர்க்கரைக்காரர் யாரும் படுத்திருக்கவில்லை. ரைஸ்மில்காரரிடம் ஆயா குள்ளம்மாளை பாட்டிலோடு அனுப்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"'என் மூத்திரத்த ஊரு கூட்டி வேடிக்கை காட்டப் போறீங்களா'ன்னு தடியத் தூக்கிட்டாருங்க சிஸ்டர். ஒத்தக் காலுலயே வாசல் வரைக்கும் வந்துட்டாரு."

சரி, நாமே செய்துகொள்வோம் என்று ரோசம்மாள் நினைத்தாள். தண்ணீரில் சர்க்கரையைக் கலந்தால் போகிறது. விளக்கு, குழாய், நீல மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆலைக்கு எடுத்து வந்தாள். ரேஷன் சர்க்கரையை ஒரு கரண்டி கரைத்தாள். எட்டுச் சொட்டு விட்டாள். கொதித்தது. நீலம். இன்னும் ரெண்டு கரண்டி போட்டாள். நீலம். பாயசம்போல இனிக்கிற தண்ணீரை விட்டுப் பார்த்தாள். வானம் மாதிரி நீலமாகவே நின்றது.

"போச்சு. மருந்து கெட்டுப்போச்சு. நாளைக்கழிச்சி சனிக்கிழமை. மேடம் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

சவுரியப்பன் குழாயை வாங்கி நெருப்புக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ரேசன் சர்க்கரைக்கு என்னா தெரியும்? அதுக்கு ஊரும் இல்ல பேரும் இல்ல. இரு." துடுப்பில் ஒட்டியிருந்த வெல்லத்தைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தான். "இத ஊத்து."

எட்டுச் சொட்டு. குழாய் முணுமுணுத்தது. முதலில் பச்சை கிளம்பியது. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் கண் முன்னாலேயே சிவந்து, புதுச் செங்கல்லாகி நின்றது.

கொட்டாயே கூச்சல் போட்டது. கரும்புக்கட்டுச் சுமந்து வந்த ராமக்காள் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து "அய்யோ, எஷ்டு சந்தா!" என்று கன்னடத்தில் அதன் அழகை வியந்து கன்னத்தில் கை வைத்தாள்.

"பாத்தியா எஞ் சரக்க? மருந்துகூட வெக்கப்பட்டுச் செவக்குது!" என்று சவுரியப்பன் கட்டுப்போட்ட காலோடு ஒரு சுற்று ஆடினான்.

வெள்ளைச் சர்க்கரை அந்த மருந்தை மாற்றாது, வெல்லத்தில் கலந்திருக்கிற வேறொரு சர்க்கரைதான் மாற்றும் என்று மறுநாள் டாக்டர் விளக்கினார். இந்த ஊர் ஆளாக இல்லாவிட்டால் அது தெரிந்திருக்காது என்றும் சொன்னார். ரோசம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை, நோயாளிகள் கூட்டம் குறைந்ததும், டிரெஸ்ஸிங் ரூமில் கடைசி ஒத்திகை. சிவப்புக்கு வெல்லத் தண்ணீர். நீலத்துக்கு ரோசம்மாள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள்.

"யாருதுக்கா?" என்றாள் அமீனா.

"எங்க வூட்டுக்காரருது. நல்ல ஒடம்புன்னு காட்டறதுக்கு ஊர்லயே அவர வுட்டா யாரு இருக்கறாங்க?"

"அல்லாவே! கட்டின புருசன் பெருமைய பாட்டில்ல அடைச்சிக் கொண்டாந்த மொத ஆளு நீதான்க்கா."

குள்ளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ரோசம்மாள் சொட்டுகளை எண்ணி விட்டாள். விளக்கில் பிடித்தாள். பாடத்தையும் கூடவே சொன்னாள். "இது நல்ல உடல்நலம் உள்ளவரின் சிறுநீர். ரெண்டு நிமிஷம் கொதித்தபின் நிறம் மாறாமல்..."

குழாய் பச்சையாயிற்று. மஞ்சளாயிற்று. ரோசம்மாள் வாய் திறந்தபடி நிற்க, செங்கல் சிவந்தது.

குள்ளம்மாளால் அடக்க முடியவில்லை. "ஆலைக்காரரு ஒண்ணுக்குப் போனாலும் பாகு பதத்துலதான் போவாரு போல, சிஸ்டர்!" மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அந்த மனுசன் வெல்லத் தண்ணி கலக்கின பாட்டில்லயே புடிச்சிக் குடுத்திருக்காரு. கையெல்லாம் பாகு. வேற எப்பிடி இருக்கும்?"

பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் குள்ளம்மாளின் மகளுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு ஆலைக்கு மிதித்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்து, நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். வேர்க்க வேர்க்க எட்டுச் சொட்டு விட்டாள்.

சிவப்பு.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அமீனா இன்னொரு குழாயில் மருந்தை ஊற்றி, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய் வந்து, தன்னுடையதைக் காய்ச்சினாள். நீலம். மருந்து சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, உன் நோட்டக் குடு," என்றாள் அமீனா. பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். "நாலாவது என்னா எழுதியிருக்க?"

ரோசம்மாள் பார்த்தாள். தன் கையெழுத்துத்தான். அதைப் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். ஆறாத புண். அதற்குக் கீழே கால் மரத்துப்போதல். அதற்கு மேலே மெலிவு. அதற்கும் மேலே ரெண்டு சொம்புத் தண்ணீர்.

"தெனம் காலையில மடியில வெச்சிக் கழுவினேனே அமீனா," என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "வலிக்குதாங்கன்னு கேட்டேனே. வலிக்கலன்னாரு. நான் எருமைன்னு திட்டினேன்."

"அழுவாதக்கா. ரைஸ்மில்காரரு காலு கருத்த பெறகு வந்தாரு. இது இன்னும் செவப்பாத்தான் இருக்குது. நாளைக்கி நாம எங்க போறோம்? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்? பாடத்தோட ஆளையும் கூட்டிக்கிட்டுப் போவோம்."

சாயங்காலம் அவள் கொட்டாய்க்கு வந்தபோது சவுரியப்பன் வழக்கம்போல நோட்டுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அடுப்புக்குச் சற்றுத் தள்ளி உட்கார வைத்து, சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அது தெரியாது.

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் "கருப்பம்பாலு குடிக்கிறனே, அதான்" என்றான். அப்புறம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொப்பரை தானாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"கேள்வி ஏழு," என்றான் சவுரியப்பன். குரல் அதே வாசகக் குரல்தான், ஆனால் கணீரென்று இல்லை. "இந்நோய் குணமாகுமா?"

விடை அவனுக்குத் தெரியும். மூன்று வாரம் அவன்தான் சரி பார்த்தான். "முழுசாப் போவாது," என்றாள் அவள். "கட்டுப்பாட்டுல வெச்சிக்கலாம்."

"கேள்வி எட்டு உன் நோட்டுல இல்ல. நானே கேக்கறேன். கால எடுத்துடுவாங்களா?"

"எடுக்க வுடமாட்டேன்." இதை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. "மாத்திர இருக்குது. ஊசி இருக்குது. தெனம் ரெண்டு தடவ நான் கழுவறேன். எங்கிட்ட இருக்கற காலு இது. நான் பாத்துக்கறேன். ஆனா நான் சொல்றது கேக்கணும்."

"என்னா கேக்கணும்?"

"பாகுல வெரல வுட்டு நக்கக் கூடாது. டீக்கு வெல்லம் கடிக்கக் கூடாது. களி ரெண்டு உருண்டை இல்ல, ஒண்ணு."

"அடிப்பாவி, வெல்லம் தின்னுதான் இது வந்துச்சா?"

"தின்னு வரல. வந்த பெறகு தின்னக் கூடாது. அப்பறம் ஒண்ணு..." தயங்கினாள். "காலுக்குச் செருப்பு. வூட்லயும், இங்கயும்."

ராமக்காள் கொப்பரையின் பொட்டைப் பார்த்தாள். மாதப்பன் தரையைப் பார்த்தான்.

"இங்கயா?" என்றான் சவுரியப்பன். "நர்சம்மா, களிய வேணா அரை உருண்டையாக் கொறைச்சிக்கறேன். கொப்பரை முன்னால செருப்புப் போட்டு நின்னா எங்கூட ஒருத்தன் வேலைக்கு நிப்பானா?"

அவள் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் பனி விலகாத நேரத்தில் ரோசம்மாளும் சவுரியப்பனும் அமீனாவும் பஸ் ஏறினார்கள். தர்மபுரியில் வகுப்பு நிறைந்திருந்தது. ரோசம்மாள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் மேசைக்குப் பின்னால் நின்றாள். நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் போயிற்று. தெரசா மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. "கேள்வி ஒண்ணு! சர்க்கரை நோய் என்றால் என்ன?"

வகுப்பு முழுக்கத் திரும்பியது. வெள்ளை வேட்டி, கட்டுப்போட்ட கால், ஆலைப் புகை ஏறின முகம்.

"யாருங்க நீங்க?" என்றார் மேடம்.

"நான்தாங்க பாடம்," என்றான் சவுரியப்பன்.

சிரிப்பு ஓய ரொம்ப நேரமாயிற்று. அந்தச் சிரிப்பில் ரோசம்மாளின் நாக்கு அவிழ்ந்துகொண்டது. மனப்பாடம் பண்ணின எதையும் அவள் சொல்லவில்லை. கணவனை முன்னால் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டை அவிழ்த்தாள். ரெண்டு சொம்புத் தண்ணீரைச் சொன்னாள், சக்கைப்போர் நடையைச் சொன்னாள், கூடுதல் முடிச்சைச் சொன்னாள். "இது எல்லாத்தையும் மூணு வாரம் பாத்தேன். நர்சாப் பாக்கல, பொண்டாட்டியாப் பாத்தேன். உங்க வூட்லயும் ஒருத்தரு தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கலாம். இன்னிக்கிப் போயி எட்டுச் சொட்டு எடுங்க." அவ்வளவுதான் அவள் பாடம். அப்புறம் குழாய்களைக் காய்ச்சினாள். நீலத்துக்கு அமீனாவுடையது. சிவப்புக்கு வெல்லத் தண்ணீர் தேவைப்படவில்லை.

நிறம் மாறும்போது எந்த இடத்தில் பச்சை முடிகிறது, எங்கே மஞ்சள் என்று ஒரு சின்ன நர்சு குழம்பினாள். சவுரியப்பன் நாற்காலியிலிருந்தே சொன்னான். "நல்லாப் பாரும்மா. இப்ப பச்சை. தோ, ஓரத்துல பொன்னு கட்டுது பாரு, அது மஞ்ச. இப்ப கண்ணச் சிமிட்டாத... செவந்துடுச்சி. பாகு பாக்கற கண்ணுக்கு இது பெரிய வேலையா?"

தெரசா மேடம் ரோசம்மாளின் நோட்டை வாங்கி, ஓரத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை யாருக்கும் காட்டவில்லை. எனக்கு மட்டும் ஒரு நாள் காட்டினாள். 'அடுத்த வருஷம் நீ இந்தப் பாடத்தை எடு' என்று இருந்தது.

அன்றைக்கே ரத்தம் பார்த்தார்கள். பத்து நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு ஊசி போட்டு, செத்த சதையை எடுத்து, மாத்திரையோடு அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தில் அவனுக்கு ஒரு முறுக்கு மட்டும் கிடைத்தது. அதையும் ரெண்டாக உடைத்துத்தான் தந்தாள். "பாலன் ஏசுவே, நீர் பொறந்த நாளுமா எனக்கு இந்தக் கதி?" என்று குடிலைப் பார்த்துக் கும்பிட்டான். தினமும் காலையில் தன் குழாயைத் தானே காய்ச்சி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிறத்தை நோட்டில் எழுதினான். சிவப்பு, மஞ்சள், மஞ்சள், பச்சை. புண்ணின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் ஊர்ந்து வந்தது. மார்கழி இருபதில் அது ஒரு ரூபாய் அகலம். இருபத்தாறில் ஒரு புளியங்கொட்டை.

போகிக்கு மூன்று நாள் முன்பு அவன் ஆலைக்குப் போனான். அதுவரை மாதப்பன்தான் பாகு இறக்கிக்கொண்டிருந்தான். அந்த வெல்லத்தைச் சந்தையில் ஒருவன் கடித்துப் பார்த்து, ஆணி அடிக்க வாங்கிப்போவதாகச் சொன்னானாம்.

ரோசம்மாளும் கூடப் போனாள். வேலியோரம் வந்ததும் சவுரியப்பன் நின்றான். பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனான். அவள் முகத்தைப் பார்த்தான். கழற்றவும் இல்லை, நுழையவும் இல்லை. அப்படியே நின்றான்.

உள்ளேயிருந்து மாதப்பன் வந்தான். கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு. பாதம் முழுக்க மூடுகிறமாதிரி தோலில் தைத்தது. அதைப் பன்னீர் தெளித்துக் கழுவி, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தான். ராமக்காள் பின்னாலேயே சூடத் தட்டோடு வந்தாள்.

"என்னாடா இது கூத்து?"

"கொப்பரைக்குப் பொட்டு வெச்சாச்சி, அடுப்புக்கு வெச்சாச்சி. செருப்புக்கும் வெச்சிட்டோம். இனிமே இது ஆலைச் சாமான் ண்ணா, துடுப்பு மாதிரி. சாமி கேட்டா நாங்க பதில் சொல்லிக்கறோம்."

"டேய், நான் வேதக்காரன்டா. எனக்கு எதுக்குப் பொட்டு?"

"பொட்டு உனக்கில்லியே. செருப்புக்கு. அது எந்த மதம்னு அதக் கேளு."

சவுரியப்பன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. ராமக்காள் சூடத்தைக் காட்டினாள். ரோசம்மாள் உட்கார்ந்து, அவன் இடது காலை வழக்கம்போல மடியில் எடுத்து வைத்து, தட்டித் துடைத்து, செருப்பை மாட்டினாள்.

அவன் கொட்டாய்க்குள் நடந்தான். குங்குமக் கால் ரெண்டும் கொப்பரைக்கு முன்னால் போய் நின்றன. துடுப்பை வாங்கினான். பாகு இன்னும் இளசு. கொதிக்கட்டும் என்று கை காட்டினான்.

அப்போது மாதப்பன் ரோசம்மாள் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தான். தலையைச் சொறிந்தான். துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நர்சு அண்ணி. எனக்கும் தண்ணி தவிக்குது. அனலுதான். இருந்தாலும்... இதுல எட்டுச் சொட்டுக்கு மேலயே இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து விளக்கை எடுத்து அடுப்போரமாகவே ஏற்றினாள். சொட்டுகளை எண்ணி விட்டாள். ஒரு பக்கம் பெரிய கொப்பரை கொதித்தது, ஒரு பக்கம் விரல் நீளக் குழாய் கொதித்தது. மாதப்பன் உதடு ரெண்டு நிமிஷமும் ஏதோ முனகியது.

சவுரியப்பன் ஒரு கண்ணால் கொப்பரையையும் மறு கண்ணால் குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். பாகின் ஓரம் பொன் கட்டிச் சிவந்தது. குழாய் மாறவில்லை. காலை வெயில் கீற்று வழியாக வந்து அதன் மேல் விழுந்தது.

"நீலம்!" என்றான். "ரெண்டும் பதம். எறக்குங்கடா!"